தாடை எலும்பைத் திருத்தும் சத்திரசிகிச்சையில் கணனியின் வழிகாட்டல்

மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தி மூடுவதை நாம் ஒரு பெரிய பேறாக எண்ணுவதில்லை. ஒரு துண்டு தோசையை முன்பல்லால் கடித்தெடுக்க முடியாதவருக்கே அதன் அருமை தெரியும். சிலருக்குக் கீழ்த்தாடை அளவுக்கு மிஞ்சி முன்னே வளர்ந்து விடுகிறது. சிலருக்கு அது பின்தங்கி நிற்கிறது. வேறு சிலருக்கு ஒரு பக்கம் கூடுதலாக வளர்வதால் முகம் கோணலாகிறது. இன்னுஞ் சிலருக்குப் பின்பற்கள் மூடிய பின்னரும் முன்பற்களுக்கிடையே விரல் போகும் இடைவெளி இருக்கும். உதட்டுப் பிளவுடனும் அண்ணப் பிளவுடனும் பிறந்த பிள்ளைகள் சிலருக்கு மேல்தாடை போதிய வளர்ச்சி அடைவதில்லை. இத்தகைய குறைகள் பற்களுக்குக் கம்பி கட்டுவதால் மட்டும் தீர மாட்டா. ஏனெனில் குற்றம் பல்லில் இல்லை. பல்லைத் தாங்கும் எலும்பில் இருக்கிறது.

ஆகவே அந்த எலும்பையே வெட்டி, உரிய இடத்துக்கு நகர்த்தி, சிறு தகடுகளாலும் ஆணிகளாலும் பொருத்தி விடுகின்றனர். கேட்கும்போதே உடல் சிலிர்க்கும். ஆயினும் நாம் வாழும் இந்நாட்டின் வைத்தியசாலைகளில் இது வழமையாக நடைபெறும் ஒரு சிகிச்சை. முகத்தில் தழும்பும் பெரும்பாலும் இராது; வெட்டுகள் யாவும் வாய்க்குள்ளேயே செய்யப்படுகின்றன. அண்மைக் காலத்தில் இதற்குக் கணனி வழிகாட்டுகிறது என்று எமது பெற்றோர் பலர் கேள்விப்படுகின்றனர். “கணனி வெட்டுமா, டொக்டர் வெட்டுவாரா?” என்று அன்னதான வரிசையில் நின்றபடி ஒரு தாயார் கேட்டார். வெட்டுபவர் டொக்டரே. எங்கே வெட்டுகிறோம், வெட்டியதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதை அவருக்குக் காட்டிக்கொண்டிருப்பது கணனி. இதைச் சற்று விரிவாகச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

தாடை எலும்பை வெட்டித் திருத்தும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1849 இல் அமெரிக்காவின் வீலிங் என்னும் ஊரில் சைமன் ஹலிஹென் என்னும் வைத்தியர் செய்த சிகிச்சையே இவ்வகையில் முதலாவதாகப் பதிவானது. சிறுவயதில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணின் கழுத்துத் தழும்பு இறுகி, அவளது கீழ்த்தாடையை ஆண்டுக்கணக்காக இழுத்து நீட்டிவிட்டது. ஹலிஹென் இருபக்கத்திலும் எலும்பில் ஆப்பு வடிவான துண்டுகளை எடுத்து, முன்பகுதியைப் பின்னே தள்ளிப் பொருத்தினார். எக்ஸ்றே கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னர் நடந்த காரியம் இது.

1901 இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் றெனே லெ ஃபோர், இறந்தவர்களின் தலைகளைப் பலமாக மோதச் செய்து, மேல்தாடை எந்த எந்தக் கோட்டில் முறிகிறது என்று ஆராய்ந்தார். இயற்கையாகவே எலும்பு பலவீனமாயுள்ள மூன்று கோடுகளை அவர் வகுத்தார். விபத்து முறிவுகளை விளங்கிக்கொள்வதற்காக அவர் கண்ட முதலாவது கோடே, இன்று மேல்தாடையை வேண்டுமென்றே வெட்டும் கோடாகியிருக்கிறது. ‘லெ ஃபோர் ஒன்று’ என்றுதான் சத்திரசிகிச்சைக் கூடங்களில் இன்றும் அதனை அழைக்கின்றனர்.

கீழ்த்தாடைக்கு வழி கண்டவர் ஒஸ்திரியாவில் பிறந்து சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிய ஹூகோ ஒப்வெகெசர். தாடையின் பின்பகுதியைக் குறுக்கே துண்டாக்காமல், பலகை ஒன்றை அதன் தடிப்பில் இரண்டு மெல்லிய பலகைகளாகப் பிரிப்பது போல நெடுக்காகப் பிளப்பது அவரது முறை. இரண்டு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி முன்னும் பின்னும் நகரும். நகர்ந்த பின்னரும் எலும்போடு எலும்பு அகலமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகையால் விரைவாக ஒட்டும். உள்ளே ஓடும் நரம்பும் அறுபடாமல் தப்ப வழியுண்டு. இம்முறையை அவர் தம் ஆசிரியர் ட்றவ்னருடன் சேர்ந்து 1957 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1966 இல் அமெரிக்கா சென்று அங்குள்ள நிபுணர்களுக்கு விரிவுரை நிகழ்த்திய பின்னர் அது உலகெங்கும் பரவியது. 96 வயது வரை வாழ்ந்து 2017 இல் அவர் காலமானார். தாம் தொடக்கிய சிகிச்சைக்குக் கணனி துணை வந்ததையும் கண்ட பின்னரே கண் மூடினார்.

பிளாஸ்டர் அச்சும் அதன் பிழைகளும்

கணனி ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறிய, அது இல்லாத காலத்து முறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றும் பல இடங்களில் அம்முறை வழக்கில் இருக்கிறது.

நோயாளியின் மேற்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்ப்பார்கள். காதுத் துவாரங்களில் முட்டுக்கொடுத்து முகத்தில் மாட்டும் ஒரு வில் போன்ற கருவியால், மேல்தாடை மண்டையோட்டுடன் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று அளப்பார்கள். அந்த அளவின்படி பிளாஸ்டர் பற்களை, வாய் திறந்து மூடுவது போல அசையும் ஓர் உலோகச் சட்டத்தில் ஏற்றுவார்கள். பின்னர் பிளாஸ்டரை வாளால் அறுத்து, மேல்தாடையை 5 மில்லிமீற்றர் முன்னே, 3 மில்லிமீற்றர் மேலே என்று பென்சில் கோடுகளைப் பார்த்து நகர்த்தி, மெழுகினால் ஒட்டுவார்கள். அந்த நிலையில் இரு பல்வரிசைக்கும் இடையே அக்றிலிக் பிளாஸ்டிக்கில் ஒரு தகடு செய்வார்கள். சிகிச்சை நாளில் மேல்தாடையை வெட்டி விடுவித்ததும், அத்தகட்டில் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் பதித்தால், மேல்தாடை தானாகவே திட்டமிட்ட இடத்துக்கு வந்துவிடும் என்பது எண்ணம்.

கைவேலைத் திறமை மிக்க நல்ல முறைதான். ஆனால் பிழை புகும் வாசல்கள் பல. அச்சு சற்றுச் சுருங்கலாம். முகத்தில் மாட்டும் வில், எல்லாருடைய காதும் கண்குழியும் ஒரே மட்டத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. முகம் கோணலானவருக்குத்தான் இச்சிகிச்சையே வேண்டியிருக்கிறது, அவருடைய காதுகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை! உலோகச் சட்டத்தில் ஏற்றும்போது சாய்வு சற்று மாறலாம். ஒவ்வொன்றும் ஒரு சிறு பிழையே. ஆனால் சீட்டுக் கணக்கில் சில்லறை விடுபடுவது போல, எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு தொகையாகி நிற்கும். இன்னொன்று: அந்தத் தகடு மேற்பற்களைக் கீழ்ப்பற்களோடுதான் பொருத்துகிறது, மண்டையோட்டோடு பொருத்துவதில்லை. கீழ்த்தாடையோ காதருகே உள்ள மூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் எலும்பு. மயக்க மருந்தினால் தசைகள் தளர்ந்து, நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது, அந்த மூட்டுக் குமிழ் தன் குழியிலிருந்து சற்று வழுவினால் மேல்தாடையும் அதற்கேற்பத் தவறான இடத்தில் ஆணி அறையப்பட்டு விடும். மறுநாள் நோயாளி விழித்து, தசைகள் இறுகும்போதுதான் பற்கள் பொருந்தவில்லை என்று தெரியவரும். மேலும், மேல்தாடை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அத்தகடு சொல்லுவதே இல்லை. சிரிக்கும்போது முரசு எவ்வளவு தெரியும் என்பது அந்த உயரத்தில்தான் தங்கியிருக்கிறது.

விம்பிள்டனில் தொடங்கியது

கணனிக்கு எலும்பைக் காட்டிக் கொடுத்தது சி.ரி. ஸ்கான். அது பிறந்த இடம் இலண்டன் வாழ் தமிழருக்கு அயலூர்தான். மேற்கு இலண்டன் ஹேய்ஸ் பகுதியில் இருந்த இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணியாற்றிய கோட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில், 1971 ஒக்ரோபர் 1 ஆந் திகதி விம்பிள்டனில் உள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளி படம் பிடிக்கப்பட்டார். 1979 இல் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலன் கோர்மக்குடன் நோபல் பரிசு பெற்றார். அவ்வைத்தியசாலை 2003 இல் மூடப்பட்டு, அதன் பணிகள் ரூற்றிங் சென் ஜோர்ஜஸ் வைத்தியசாலைக்கு மாறின. எமது அன்பர் பலர் அப்பக்கமாக அடிக்கடி போய்வந்தும், உலக வைத்தியத்தையே மாற்றிய ஒரு சம்பவம் அங்கு நடந்ததை அறியார்.

சாதாரண எக்ஸ்றே ஒரு நிழல். சி.ரி. ஸ்கான் தலையைப் பாணைச் சீவுவது போல மெல்லிய சீவல்களாகக் காட்டும். சீவல்களை மீண்டும் அடுக்கினால் முழு எலும்பும் கணனித் திரையில் முப்பரிமாணமாக எழும். 1990களின் பிற்பகுதியில் இத்தாலியின் வெறோனா நகரில், பல்லுக்கும் தாடைக்கும் என்றே கூம்பு வடிவக் கதிரால் படம்பிடிக்கும் சிறிய ஸ்கானர் உருவானது. அதில் கதிர்வீச்சும் குறைவு.

இப்போது திட்டமிடல் எல்லாம் திரையிலேயே நடக்கிறது. பல்லின் மேற்பரப்பை வாய்க்குள் வைக்கும் சிறு கமராவால் தனியே படம்பிடித்து, எலும்பின் படத்தோடு சேர்க்கின்றனர். பின்னர் வைத்தியரும் பொறியியலாளரும் திரையில் தாடையை வெட்டி, நகர்த்தி, திருப்பி, சாய்த்துப் பார்க்கின்றனர். எலும்பு எங்கே ஒன்றோடொன்று முட்டும், எங்கே இடைவெளி விழும், நரம்பு எவ்வழி போகிறது என்பனவெல்லாம் கத்தியைத் தொடும் முன்னரே தெரிந்துவிடும். பிளாஸ்டரை ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். திரையில் நூறு முறை அறுத்துப் பார்க்கலாம்.

ஆனால் திரையில் உள்ள திட்டம் வேறு, மேசையில் படுத்திருக்கும் மனிதர் வேறு. இரண்டையும் இணைக்கும் பாலமே வழிகாட்டும் கருவி.

கருவி எவ்வாறு வழி காட்டுகிறது

வாகனத்தில் வழிகாட்டும் கருவியை இன்று எல்லாரும் பாவிக்கிறோம். வானத்துச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கொண்டு அக்கருவி வாகனம் நிற்கும் இடத்தைக் கணித்து, வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. சத்திரசிகிச்சைக் கூடத்திலும் அதே தத்துவந்தான். இங்கே வரைபடம், நோயாளியின் ஸ்கான். செயற்கைக்கோள்களுக்குப் பதிலாக, மேசைக்கு மேலே ஒரு தண்டில் அருகருகே பொருத்திய இரண்டு அகச்சிவப்புக் கமராக்கள். வாகனத்துக்குப் பதிலாக, வைத்தியர் கையிலுள்ள ஊசி போன்ற ஒரு சுட்டுகோல். அதன் பிடியில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குண்டுகள் மூன்றோ நான்கோ பொருத்தப்பட்டிருக்கும். எமது இரு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுவது போல, இரு கமராக்களும் அக்குண்டுகளைப் பார்த்து, சுட்டுகோலின் நுனி எங்கே இருக்கிறது என்று கணத்துக்குக் கணம் கணித்துக்கொண்டிருக்கும்.

நோயாளியின் தலை அசைந்தால் என்ன செய்வது? அதற்காக இன்னொரு சிறு சட்டம், அதே போன்ற குண்டுகளுடன், மண்டையோட்டில் ஆணியால் உறுதியாகப் பொருத்தப்படும். தலைமயிருக்குள் மறையும் இடத்தில்தான் பெரும்பாலும் வைப்பார்கள். தலை அசைந்தால் அச்சட்டமும் கூடவே அசையும். கணனி அவ்வசைவைக் கழித்துக் கணக்கிடும்.

இனி, வரைபடத்தையும் ஆளையும் பொருத்த வேண்டும். ஸ்கானில் தெளிவாகத் தெரியும் சில இடங்களை, உதாரணமாக ஒரு பல்லின் முனை, முன்கூட்டியே பொருத்திய ஒரு சிறு ஆணி ஆகியவற்றை, வைத்தியர் சுட்டுகோலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். “இது அது” என்று கணனிக்குச் சொல்லிக் கொடுப்பது போன்றது இது. ஒரே கோட்டில் அமையாத மூன்று இடங்களாவது வேண்டும். பொதுவாக அதற்கு மேல் தொடுவார்கள். இந்தப் பொருத்தம் எவ்வளவு சரியோ, பின்வரும் எல்லாம் அவ்வளவே சரி. தொட்ட இடங்களிலிருந்து தூரம் போகப் போகப் பிழையும் கூடும். முகத்தின் தோலைத் தொட்டுப் பொருத்தினால், தோல் நெகிழக் கூடியது, அதனால் நுட்பம் குறையும். எலும்பையும் பல்லையும் நம்புவதே மேல்.

இவையெல்லாம் முடிந்த பின்னர், மேல்தாடையை வெட்டி விடுவித்து, நகர்த்தி, கையால் பிடித்துக்கொண்டு, வைத்தியர் முன்பல்லின் முனையைச் சுட்டுகோலால் தொடுவார். பல் இப்போது எங்கே இருக்கிறது, திட்டப்படி எங்கே இருக்க வேண்டும் என்ற இரண்டையும் திரை காட்டும். இன்னும் ஒரு மில்லிமீற்றர் மேலே, அரை மில்லிமீற்றர் இடப்பக்கம் என்று சரிசெய்து, சரியான பின்னரே தகடு வைத்து ஆணி முடுக்குவார். பழைய அக்றிலிக் தகட்டினால் சொல்ல முடியாத உயரத்தை, மண்டையோட்டையே அளவுகோலாகக் கொண்டு இக்கருவி சொல்லிவிடுகிறது. இதுதான் இதன் உண்மையான பெறுமதி.

இவ்வெண்ணம் மூளைச் சத்திரசிகிச்சையிலிருந்து வந்தது. 1908 இலேயே இலண்டனில் விக்டர் ஹோஸ்லியும் றொபேட் கிளாக்கும் விலங்கின் தலையில் ஓர் உலோகச் சட்டத்தை மாட்டி, மூளையின் குறித்த ஓர் இடத்துக்கு ஊசியைச் செலுத்தும் வழியைக் கண்டனர். பின்னர் மனிதருக்கும் அச்சட்டம் பயன்பட்டது. சட்டமில்லாமல் கணனியே இடத்தைச் சொல்லும் வழியை 1986 இல் அமெரிக்காவில் டேவிட் றொபேட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். அவர்கள் ஒளியை அல்ல, ஒலியைப் பயன்படுத்தினார்கள்! மறு ஆண்டே ஜப்பானில் வத்தனாபே மூட்டுகளையுடைய ஒரு கையை அமைத்தார். 1990களில் பிரான்ஸின் கிறெனோபில் நகரத்து வைத்தியரும் பொறியியலாளரும் தாடைச் சிகிச்சைக்கு இதனைக் கொண்டுவருவதில் முன்னின்றனர். 2010 இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துக் குழுவினர், திரையில் செய்த திட்டத்தை அப்படியே கூடத்துக்குக் கொண்டுபோய், கருவியின் துணையுடன் மேல்தாடையை வைக்கும் முறையை வெளியிட்டனர்.

கீழ்த்தாடை பிடிபட மறுக்கிறது

மேல்தாடை மண்டையோட்டோடு ஒன்றியது. ஆகவே மண்டையோட்டில் பொருத்திய சட்டமே போதும். கீழ்த்தாடை அப்படியன்று. அது தன் பாட்டில் அசைவது. அதைப் பின்தொடர அதற்கென்று வேறொரு குண்டுச் சட்டம் பொருத்த வேண்டும். பிளந்த பின்னர் அது மூன்று துண்டுகளாகிறது: பல் உள்ள முன்துண்டு ஒன்று, மூட்டுக் குமிழுடன் பின்துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்தொடர்வதென்றால், வாய் என்னும் அந்தச் சிறு இடத்தில் சட்டங்களே நிறைந்துவிடும், கை நுழைய இடமிராது. கிறெனோபில் குழுவினர் முதலில் கவனம் செலுத்தியதும் அந்த மூட்டுக் குமிழைச் சிகிச்சைக்கு முன்னிருந்த இடத்திலேயே வைத்திருப்பதில்தான். இன்றும் கீழ்த்தாடையைப் பொறுத்தவரை பெரும்பாலான நிபுணர்கள், மேல்தாடையைச் சரியாக வைத்துவிட்டு, அதன் பற்களையே அளவாகக் கொண்டு கீழ்த்தாடையைப் பொருத்துகின்றனர். மூட்டுக் குமிழைக் கைப் பழக்கத்தால் குழியில் அமர்த்துகின்றனர்.

வேறு சிரமங்களும் உண்டு. கமராவுக்கும் குண்டுக்கும் இடையே யாரும் குறுக்கே நிற்கக்கூடாது. தாதியார் கருவியை நீட்டக் குனிந்தால் திரை குருடாகிவிடும். குண்டில் இரத்தத் துளி பட்டாலும் அப்படியே. தலைச் சட்டம் யாருடைய முழங்கையிலாவது தட்டுப்பட்டு இம்மியளவு நகர்ந்தால், கணனி அதை அறியாது. தவறான இடத்தை அதே துணிவோடு காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் தேர்ந்த வைத்தியர்கள் வெட்டாத ஓர் எலும்பு முனையை இடையிடையே தொட்டு, திரை சொல்வது மெய்தானா என்று சோதித்துக்கொள்கின்றனர். கருவியை ஆயத்தம் செய்யக் கூடுதல் நேரமும் வேண்டும். இவ்வளவும் சரியாக அமைந்தால், கிடைக்கும் நுட்பம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றருக்குள் அடங்கும். 2 மில்லிமீற்றருக்குள் வித்தியாசம் இருந்தால் ஏற்கத்தக்கது என்பது இத்துறையில் பொதுவாக வழங்கும் அளவு.

இதற்கு ஒரு போட்டியாளரும் வந்துவிட்டது. திரையிலுள்ள திட்டத்தின்படியே, வெட்டுங் கோட்டைக் காட்டும் வழிகாட்டித் தகட்டையும், அந்த நோயாளிக்கென்றே வளைந்த டைட்டேனியம் தகட்டையும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து கொண்டுவருகின்றனர். ஆணித் துளைகள் முன்பே கணித்து இடப்பட்டிருக்கும்; தகட்டைத் துளைகளில் பொருத்தினால் எலும்பு உரிய இடத்துக்கு வந்தே தீர வேண்டும். கமராவும் வேண்டியதில்லை, குண்டும் வேண்டியதில்லை. அக்றிலிக் தகட்டையும் இப்போது கணனியே வடிவமைத்து அச்சிடுகிறது. எமது எண்ணத்தில், சாதாரணமான தாடைக்கு அச்சிட்ட தகடே போதுமானது, எளிதும் கூட. ஆனால் அச்சிட்ட தகடு ஒருமுறை செய்ததுதான். கூடத்தில் நிலைமை மாறினால் அதை மாற்ற முடியாது. முகம் பெரிதும் கோணலானவருக்கும், பிளவு அண்ணம் காரணமாக எலும்பின் அமைப்பே வேறுபட்டவருக்கும், முன்னரே ஒருமுறை சிகிச்சை செய்து சரிவராதவருக்கும், வழிகாட்டும் கருவி உடனிருப்பது பெரும் பலம். சில இடங்களில் தகட்டினால் வைத்து, கருவியினால் சரிபார்க்கின்றனர்.

யாருடைய முகத்தை அளவாகக் கொள்வது?

கணனி சொன்ன இடத்துக்குத் தாடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதில் இனிச் சந்தேகமில்லை. அந்த இடத்தை யார் தீர்மானித்தது என்பதே எமது சமூகத்துக்குரிய கேள்வி.

தாடை எவ்வளவு முன்னே இருக்க வேண்டும், பல் எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பதற்குப் பல்சீர் வைத்தியத்தில் அளவுகள் உண்டு. பக்கவாட்டு எக்ஸ்றேயில் கோணங்களை அளந்து, ‘இயல்பான’ அளவோடு ஒப்பிடுவார்கள். அவ்வியல்பு எங்கிருந்து வந்தது? இத்துறையின் மூல அளவுகளில் ஒன்றை 1948 இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் வில்லியம் டவுண்ஸ். அவர் அளந்தது நல்ல பல்வரிசையுடைய 20 வெள்ளை இனத்துச் சிறுவர் சிறுமியரை. அதன் பின்வந்த புகழ்பெற்ற அளவுகள் பலவும் வெள்ளையரின் முகங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. எமது மக்களில் முன்பற்களும் உதடுகளும் சற்று முன்னே நிற்பது இயல்பு என்பதைப் பல்சீர் வைத்தியர்கள் நன்கறிவர். ஐரோப்பியரின் எண்ணை அப்படியே வைத்து அளந்தால், எமது பிள்ளையின் நல்ல முகமும் குறையுள்ளதாகத் தோன்றும். கணனி நிரலில் அந்த எண்ணே பதிந்திருந்தால், கருவி மிக நுட்பமாக, மில்லிமீற்றர் பிசகாமல், பிள்ளையின் முகத்தை வேறொரு இனத்தின் முகத்தை நோக்கி நகர்த்தும்.

தேர்ந்த நிபுணர்கள் இதனை அறிந்தவர்களே. எண்ணை மட்டும் பார்க்காமல் முகத்தையும் பார்க்கின்றனர். ஆயினும் கேட்பது எமது கடமை. “இந்தத் திட்டத்தில் என் மகளின் முகம் எந்த அளவோடு ஒப்பிடப்பட்டது?” என்று கேட்டால் ஒரு நல்ல வைத்தியர் முகம் சுளிக்க மாட்டார். திரையில் காட்டும் ‘பின்னர்’ படத்தையும் சற்று எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். எலும்பு போகும் இடத்தைக் கணனி நன்றாகவே கணிக்கிறது. அதன் மேலுள்ள உதடும் மூக்கும் எப்படி அமையும் என்பதை அவ்வளவு நன்றாகக் கணிப்பதில்லை. மேல்தாடை முன்னே வரும்போது மூக்கின் அடி அகலிப்பது வழக்கம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கலியாணப் பேச்சு நெருங்கும்போதுதான் எம்மவரில் சிலருக்கு மகளின் தாடை கண்ணில் படுகிறது. சாப்பிட முடியாமல் இருபது வருடம் அவள் பட்ட சிரமம் அப்போதுதான் ஒரு காரணமாக எடுத்துக்காட்டப்படுகிறது. இங்கிலாந்தில் 16 வயது நிறைந்தவர் தமது சிகிச்சைக்குத் தாமே சம்மதம் அளிக்கலாம் என்பது 1969 ஆம் ஆண்டுச் சட்டம். எலும்பின் வளர்ச்சி நின்ற பின்னரே பொதுவாக இச்சிகிச்சை செய்யப்படுவதால், படிவத்தில் ஒப்பமிடும் கை பெரும்பாலும் பிள்ளையின் கையாகவே இருக்கும். தீர்மானமும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

ஏனெனில் கணனியால் நீக்க முடியாத தொல்லைகள் உள்ளன. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, வெட்டாவிட்டாலும் இழுபட்டு விறைக்கும். கீழுதடும் நாடியும் மரத்துப்போவது சிகிச்சைக்குப் பின் மிகச் சாதாரணம். பலருக்கு மாதக்கணக்கில் தேறும். ஒரு பகுதியினருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகவே நின்றுவிடும். நகர்த்திய எலும்பைத் தசையும் நாக்கும் பழைய இடத்தை நோக்கி இழுப்பதும் உண்டு. அப்படி இழுபட்டால், கணனி வைத்த இடம் எவ்வளவு துல்லியமாயிருந்தும் பயனில்லை. பெரும் நகர்வு வேண்டியவருக்கு இந்த அபாயமும் பெரிது. உறக்கத்தில் மூச்சடைக்கும் நோய்க்காக இரு தாடைகளையும் சுமார் 10 மில்லிமீற்றர் முன்னே கொண்டுவருவதும் உண்டு. அவர்கள் இதனை விசேடமாக விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க வேண்டிய வேறு சில

இந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில், கடித்தல், மெல்லுதல் போன்றவற்றில் உண்மையான குறை இருப்பவருக்கே இச்சிகிச்சை வழங்கப்படுகிறது. வெறும் அழகுக்காக அன்று. கத்தி ஒரு நாள் வேலை. கம்பி பல மாத வேலை. பொதுவாகச் சிகிச்சைக்கு முன்னர் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை பற்களுக்குக் கம்பி கட்டி வரிசைப்படுத்துவர். பின்னரும் சில மாதங்கள் கம்பி இருக்கும். “நவீன கணனி முறை, ஒரு வாரத்தில் முடிந்துவிடும்” என்ற விளம்பரத்தைக் கண்டு தாயகத்துக்கோ வேறு நாட்டுக்கோ பறக்க எண்ணுவோர் இதனை மனதிற்கொள்ள வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மிகத் தேர்ந்த நிபுணர்கள் இருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் திரும்பி வந்த பின்னர் கம்பியை முறுக்குபவர் யார், பல் பொருந்தாவிட்டால் யாரிடம் போவது என்பதை விமானச் சீட்டு எடுக்கும் முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும். மேல்தாடையை வெட்டும்போது மூக்கின் பக்கத்து வெற்றறையும் திறபடுகிறது; சில வாரங்கள் மூக்கைச் சீறக்கூடாது, விமானப் பயணத்துக்கும் வைத்தியரின் அனுமதி வேண்டும்.

எலும்பை அதிக தூரம் நகர்த்தும்போது இடைவெளியை நிரப்ப எலும்புத் துண்டோ எலும்புத் தூளோ வைப்பதுண்டு. நோயாளியின் சொந்த எலும்பாக இருக்கலாம். ஆனால் கடையில் கிடைக்கும் எலும்புத் தூள்களிற் சில மாட்டெலும்பிலிருந்து செய்யப்படுபவை. இது எமது அன்பர்கள் பலருக்குச் சிறு விடயமன்று. முதற் சந்திப்பிலேயே கேட்டுவிட்டால், வேறு பொருளைத் தெரிந்துகொள்ள வைத்தியருக்கும் வசதியாயிருக்கும். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் கேட்பதற்குரிய கேள்வி அல்ல இது. மாத்திரைக் கூடுகளில் உள்ள ஜெலற்றினுக்கும் இது பொருந்தும்.

முற்காலத்தில் பற்களை ஆறு வாரம் கம்பியால் கட்டி வாயையே மூடி வைத்தனர். 1970களில் பிரான்ஸின் ஸ்திறாஸ்பேர்க் நகரில் ஷம்பி என்பவர் சிறு தகடுகளைப் பரப்பிய பின்னர் அந்த வேதனை பெரும்பாலும் ஒழிந்தது. இப்போது இறப்பர் வளையங்கள் மட்டுமே. ஆயினும் முதல் இரண்டு வாரம் நீராகாரம், பின்னர் சுமார் ஆறு வாரம் வரை மெல்ல வேண்டாத மென்மையான உணவு. வைத்தியசாலை தரும் பட்டியலில் சூப்பும் மசித்த இறைச்சியுமே பெரும்பாலும் இருக்கும். சைவ உணவினர் திகைக்க வேண்டியதில்லை. நன்றாக அரைத்து வடித்த பருப்புத் தண்ணீர், சத்துமாக் கஞ்சி, உழுத்தம்மாக் களியைப் பாலில் கரைத்தது, மோர், வாழைப்பழம் அடித்த பால், பின்னர் குழைந்த பொங்கல், தயிர்ச் சாதம் என எங்கள் சமையலறையில் இதற்கேற்றவை ஏராளம். உறைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குள் தையல் இருக்கும். மரத்துப்போன உதட்டுக்குச் சூடு தெரியாது, ஆகவே கஞ்சியை ஆறவைத்தே கொடுக்க வேண்டும்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சமடையும். கண்ணாடியைப் பார்த்துக் கலங்கும் பிள்ளைக்கு இதனை முன்னரே சொல்லிவைப்பது நல்லது. பெருமளவு வீக்கம் சில வாரங்களில் வற்றும். முழுதாக வற்ற மாதங்கள் செல்லும். உள்ளே வைத்த டைட்டேனியம் தகடுகள் தொல்லை தராவிட்டால் அப்படியே விடப்படும். அவை மிகச் சிறியவை. விமான நிலையச் சோதனை வாயிலில் பொதுவாக மணி ஒலிப்பதில்லை.